ஒரு குளம் கற்பிக்கும் சூழலியல்
சில கலைச்சொற்களும் ஒரு சிறு கணக்கும்

நம் வீட்டுப் பிள்ளைகளின் பாடநூல்களைப் புரட்டினால் 'இகாலஜி', 'இகோசிஸ்டம்', 'கேரியிங் கெபாசிட்டி', 'மாடல்' என்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. பிள்ளைகள் அவற்றை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். "இதற்குத் தமிழில் என்ன தாத்தா?" என்று கேட்டால் பெரியவர்களாகிய நாம் சற்றுத் திணறுகிறோம். சொல் தெரியாதது ஒரு குறை. சொல்லுக்குப் பின்னால் உள்ள பொருள் கண்ணெதிரே இருந்தும் அதைக் காட்டிக் கொடுக்காமல் விடுவது அதைவிடப் பெரிய குறை.

நான் உயிரியல் படித்தவன் அல்ல. ரயில்வேயில் பாலமும் பாதையும் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் சூழலியலின் முக்கியச் சொற்கள் பலவற்றை ஒரு பொறியாளன் கண்ணால் பார்த்தால் எளிதில் விளங்கிவிடும். வரவு, செலவு, கொள்ளளவு, தாங்கும் வரம்பு எல்லாம் நமக்குப் பழகிய சங்கதிகள்தானே! அதற்கு ஏற்ற பாடசாலையும் நம் நகரத்தின் கிழக்கு எல்லையிலேயே இருக்கிறது.

நம் ஊர்ப் பாடசாலை

கொல்கத்தா நகரின் நிலம் ஹூக்ளி ஆற்றை நோக்கிச் சரியவில்லை. எதிர்த்திசையில், கிழக்கு நோக்கித்தான் சரிகிறது. ஆகவே நம் வீட்டுக் குளியலறை நீரும் சமையலறை நீரும் கால்வாய்கள் வழியே கிழக்கே செல்கின்றன. நாள் ஒன்றுக்குச் சுமார் 75 கோடி லிட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அங்கே கிழக்கு கொல்கத்தா சதுப்பு நிலம் என்ற 12,500 ஹெக்டேர் பரப்பு இருக்கிறது. அதில் 250-க்கும் மேற்பட்ட மீன் வளர்ப்புக் குளங்கள் உள்ளன. உள்ளூரில் இவற்றை 'பேரி' என்பார்கள். நகரத்தின் கழிவுநீர் இந்த ஆழமற்ற குளங்களில் அளவோடு விடப்பட்டு, வெயிலில் காய்ந்து, தெளிந்து, மீனாகவும் நெல்லாகவும் மாறி நம்மிடமே திரும்பி வருகிறது. அருகிலுள்ள தாப்பா பகுதியில் நகரக் குப்பையின் உரத்தில் காய்கறி விளைகிறது. மீன் வாங்காத நம் வீடுகளிலும் தாப்பாவின் காலிபிளவர் நுழையாமல் இருந்திருக்காது.

இந்த ஏற்பாட்டின் மதிப்பை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜோதி கோஷ். மேற்கு வங்க அரசில் பொறியாளராக இருந்த இவர் 1980களில் இந்தப் பகுதியை நடந்து நடந்து ஆராய்ந்தார். வேறு நகரங்கள் கோடிக் கணக்கில் செலவிட்டுச் செய்யும் சுத்திகரிப்பை இங்கே மீனவரும் விவசாயிகளும் சூரியனும் சேர்ந்து செய்துவிடுகிறார்கள் என்று நிறுவினார். 2002-இல் இது ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது. கோஷ் 2018-இல் காலமானார்.

இனி இந்தக் குளத்தங்கரையில் அமர்ந்து சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சூழலியல், சூழல் மண்டலம்

சூழலியல் என்ற துறைக்கு 1866-இல் பெயர் சூட்டியவர் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹேக்கல். 'வீடு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உண்டாக்கினார். பொருளாதாரம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது, யாரை நம்பி யார் வாழ்கிறார்கள் என்று பார்ப்பதே சூழலியல் என்று கொள்ளலாம்.

1935-இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் டான்ஸ்லி 'இகோசிஸ்டம்' என்ற சொல்லைக் கொடுத்தார். தமிழில் சூழல் மண்டலம் என்கிறோம். உயிருள்ளவை மட்டுமல்ல, நீர், மண், வெயில், காற்று போன்ற உயிரற்றவையும் சேர்ந்து இயங்கும் ஒரு முழு அமைப்பு இது. ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மட்டும் ரயில்வே ஆகாது. தண்டவாளம், சிக்னல், டிரைவர், பாயிண்ட்ஸ்மேன், கால அட்டவணை எல்லாம் சேர்ந்ததே ரயில்வே. ஒன்றை நிறுத்தினால் மற்றது நிற்கும். பேரியும் அப்படியே.

உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்போர்

பேரியின் பச்சை நிற நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக் கணக்கில் உள்ளன. வெயிலைக் கொண்டு தம் உணவைத் தாமே தயாரிப்பதால் இவை உற்பத்தியாளர். இவற்றைத் தின்னும் நுண்ணுயிர் விலங்குகளும், அவற்றைத் தின்னும் மீனும், மீனைக் கொத்தும் கொக்கும், சந்தையில் வாங்கிச் சமைக்கும் மனிதரும் நுகர்வோர். கழிவையும் இறந்தவற்றையும் உடைத்து மீண்டும் உரமாக்கும் பாக்டீரியாக்கள் சிதைப்போர். இந்த மூன்றாவது கூட்டத்தை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். துப்புரவுப் பணியாளர் ஒரு நாள் வராவிட்டால்தான் வீட்டாருக்கு அவர் நினைவு வரும் அல்லவா?

ஒருவரை ஒருவர் உண்ணும் இந்த வரிசை உணவுச் சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் ஆற்றலின் பெரும்பகுதி மூச்சிலும் அசைவிலும் வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகிறது என்பது பொதுவான மதிப்பீடு. 1942-இல் அமெரிக்கரான லிண்டமன் ஓர் ஏரியை ஆராய்ந்து இந்த ஆற்றல் கணக்குக்கு அடித்தளம் இட்டார். பாசியில் 1,000 பங்கு ஆற்றல் இருந்தால், அதைத் தின்னும் உயிருக்கு 100, அதையும் தின்னும் உயிருக்கு 10. ஆகவே சங்கிலி குறுகக் குறுக விளைச்சல் கூடும். பேரியில் வளரும் கட்லா, ரோகு, மிருகால் மீன்கள் சங்கிலியின் கீழ்ப் படிகளிலேயே உண்பவை. குறைந்த செலவில் நிறைய மீன் கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

இதில் இன்னொரு சொல்லும் அடங்கியிருக்கிறது. கட்லா நீரின் மேல்பரப்பில் மேயும், ரோகு நடுவில், மிருகால் அடியில். ஒரே குளத்தில் மூவருக்கும் தனித்தனி இடமும் தொழிலும். இப்படி ஓர் உயிர் தன் சூழலில் வகிக்கும் இடத்தையும் தொழிலையும் சேர்த்து வாழ்பங்கு எனலாம். பங்கு வேறுபட்டால் போட்டி குறையும்.

தாங்கு திறன்

ஒற்றை வழிப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் ஓட்டலாம் என்று ரயில்வேயில் கணக்கு உண்டு. அதற்கு மேல் வண்டிகளைத் திணித்தால் எல்லா வண்டியும் தாமதமாகும். இயற்கையிலும் அப்படித்தான். ஓர் இடத்திலுள்ள உணவு, நீர், காற்று இவற்றைக் கொண்டு நீண்ட நாள் எத்தனை உயிர்கள் வாழ முடியுமோ, அதுவே அந்த இடத்தின் தாங்கு திறன். தொடக்கத்தில் வேகமாகப் பெருகும் கூட்டம், இந்த வரம்பை நெருங்க நெருங்க வேகம் குறைந்து சமன்படும் என்பதை 1838-இலேயே பெல்ஜிய நாட்டு வெர்ஹல்ஸ்ட் ஒரு சமன்பாடாக எழுதிவைத்தார்.

கழிவைப் பொறுத்தவரை தாங்கு திறனை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். அதுதான் உயிர்வழி ஆக்சிஜன் தேவை. சுருக்கமாக பி.ஓ.டி. என்பார்கள். நீரிலுள்ள அழுக்கைச் சிதைப்போர் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே அது. பி.ஓ.டி. அதிகமானால் அழுக்கு அதிகம் என்று பொருள். இதற்கு எதிர்ப்பக்கம் கரைந்த ஆக்சிஜன். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல நீர் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். கையிருப்பு அவ்வளவு சிறியது. பகலில் பாசிகள் ஆக்சிஜன் தந்து இந்தக் கையிருப்பை நிரப்பும். இரவில் அவையும் மூச்சுவிட்டு அதைச் செலவழிக்கும். ஆகவே விடியற்காலையில்தான் மீனுக்கு மூச்சு முட்டும். அந்நேரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டால், அனுபவமுள்ள பேரிக்காரர் உடனே கழிவுநீர் மடையை அடைத்துவிடுவார்.

மாதிரி என்றால் என்ன?

'மாடல்' என்றதும் பொருட்காட்சியில் வைக்கும் பொம்மை நினைவுக்கு வரும். சூழலியலில் மாதிரி என்பது, நடக்கும் நிகழ்ச்சியை எண்களிலும் சமன்பாடுகளிலும் சுருக்கி எழுதுவது. எதற்காக? நிஜக் குளத்தில் செய்து பார்க்க முடியாததைக் காகிதத்தில் செய்து பார்ப்பதற்காக. குளத்தைப் பாதி மூடினால் என்ன ஆகும் என்று அறிய நிஜமாகவே மூடிப் பார்ப்பது அறிவுடைமை ஆகாது அல்லவா?

மாதிரிகளில் இரண்டு வகை. முதலாவது அனுபவ மாதிரி. ரயில் பாலம் கட்டும்போது ஓடையில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று மதிப்பிட 1865-இல் டிக்கன்ஸ் என்பவர் வட இந்தியாவுக்கு ஒரு சூத்திரம் தந்தார். நீர்பிடிப்புப் பரப்பின் முக்கால் அடுக்கை ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். பரப்பு 16 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இருமுறை வர்க்கமூலம் எடுத்தால் 2. அதன் கனம் 8. கங்கைச் சமவெளிக்குக் கெழு 6. ஆகவே வெள்ளம் வினாடிக்கு 48 கன மீட்டர். மலைப்பகுதியில் கெழு 14 வரை போகும். அப்போது அதே பரப்புக்கு 112 கன மீட்டர். தென்னாட்டுக்கு 1884-இல் ரைவ்ஸ் வேறு சூத்திரம் தந்தார். இவற்றில் மழை ஏன், எப்படி ஓடுகிறது என்ற விளக்கம் இல்லை. பல வெள்ளங்களைப் பார்த்த அனுபவம் ஓர் எண்ணாக உறைந்திருக்கிறது.

இங்கே மூன்று சொற்களைக் கற்றுக்கொள்ளலாம். இடத்துக்கு இடம் அளந்து போடும் பரப்பும், கணக்கின் விடையாக வரும் வெள்ளமும் மாறிகள். ஒரு வட்டாரத்துக்கு நிலையாக இருக்கும் கெழு, அளவுரு. அந்த அளவுருவை நிஜ அளவீடுகளோடு ஒப்பிட்டு அந்தந்த ஊருக்குப் பொருத்தமாக அமைப்பது அளவுத் திருத்தம். எடைமேடையைத் தெரிந்த எடையை வைத்துச் சரிசெய்வது போன்றது. ஓரிடத்தில் திருத்திய மாதிரியை வேறிடத்துக்கு அப்படியே தூக்கிச் செல்லக் கூடாது. மலையடிவாரத்தில் சமவெளிக் கெழுவைப் போட்டால் பாலம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது வகை செயல்முறை மாதிரி. இது காரணத்தைப் பின்பற்றிச் செல்லும். 1925-இல் அமெரிக்காவில் ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர் ஓஹையோ ஆற்றில் கழிவு கலந்த பின் ஆக்சிஜன் எப்படிக் குறைந்து மறுபடி ஏறுகிறது என்பதைச் சமன்பாடாக்கினர். இன்றைய கணினி மாதிரிகள் பலவற்றுக்கு மூதாதை அதுவே. நாம் கணினி இல்லாமலே ஒரு சிறு செயல்முறை மாதிரி செய்து பார்ப்போம்.

ஒரு குளத்தின் வரவு செலவு

கணக்குக்காக ஒரு கற்பனைப் பேரி. பரப்பு 10 ஹெக்டேர், ஆழம் 1 மீட்டர். ஆகவே நீரின் கொள்ளளவு ஒரு லட்சம் கன மீட்டர். தினமும் 5,000 கன மீட்டர், அதாவது 50 லட்சம் லிட்டர் கழிவுநீர் வருகிறது. அதே அளவு வெளியேறுகிறது. வரும் நீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 100 மில்லிகிராம். கன மீட்டருக்கு 100 கிராம் என்றாலும் அதுவேதான்.

ஒரு லட்சத்தை 5,000-ஆல் வகுத்தால் 20. நீர் சராசரியாக 20 நாள் குளத்தில் தங்குகிறது. இது தங்கு காலம். தினமும் வரும் அழுக்கு 5,000 கன மீட்டரில் 500 கிலோ. 10 ஹெக்டேருக்குப் பங்கிட்டால் ஹெக்டேருக்கு 50 கிலோ. இது சுமை வீதம். கிழக்கு கொல்கத்தாவின் குளங்களில் இது 20 முதல் 70 கிலோ வரை இருக்கும் என்பதால் நம் கற்பனை நிஜத்துக்கு அப்பாற்பட்டதல்ல.

சிதைப்போர் குளத்திலுள்ள அழுக்கில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு நாளில் தின்பதாகக் கொள்வோம். இது நம் அளவுரு. வரவும் செலவும் சமமாகி, குளத்தின் அழுக்கு கூடாமலும் குறையாமலும் இருக்கும் கட்டத்தை நிலைத்த நிலை என்பர். அப்போது குளத்து நீரில் பி.ஓ.டி. எவ்வளவு?

குளத்து நீரில் கன மீட்டருக்கு 1 கிராம் அழுக்கு இருந்தால், வெளியேறும் நீரோடு 5 கிலோ போகும். குளத்தில் மொத்தம் 100 கிலோ இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்காக 20 கிலோவைச் சிதைப்போர் தின்பர். ஆக, ஒவ்வொரு கிராமுக்கும் செலவு 25 கிலோ. வரவு 500 கிலோ. 500-ஐ 25-ஆல் வகுத்தால் 20. எனவே வெளியேறும் நீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராம். நூறாக வந்தது இருபதாகப் போகிறது. நூற்றுக்கு எண்பது பங்கு சுத்தம். ஆறு, குளங்களில் விடும் கழிவுநீருக்கு நம் நாட்டின் பொதுவான வரம்பு 30 மில்லிகிராம். நம் பேரி அதற்குள் தேறிவிட்டது. மின்சாரச் செலவு ஒரு பைசா இல்லை, மீன் லாபம்.

ஒன்றை மாற்றினால் என்ன ஆகும்?

இப்போது உணர்திறன் ஆய்வு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விடை எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பதே இது.

குளிர்காலத்தில் சிதைப்போர் மந்தமாகி, பத்தில் ஒரு பங்கை மட்டும் தின்றால் கிராமுக்குச் செலவு 5-ம் 10-ம் சேர்ந்து 15 கிலோ. 500-ஐ 15-ஆல் வகுத்தால் 33. வரம்பு தாண்டிவிட்டது. வெயில் காலத்தில் குளத்தின் பாதியை மூடிவிட்டால் கொள்ளளவு பாதி. அப்போதும் விடை 33. மூடாமலே சேறு படிந்து ஆழம் அரை மீட்டர் ஆகிவிட்டாலும் அதே 33. பாதி மூடிய குளத்தில் குளிர்காலமும் வந்தால் செலவு 10 கிலோதான், விடை 50.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். குளத்தில் பாதி இன்னும் இருக்கிறது. ஆனால் சுத்தம் செய்யும் வேலை குறைந்துவிட்டது. 20-இல் நின்ற அழுக்கு 50-க்குத் தாவிவிட்டது. "பாதியைத்தானே எடுத்துக்கொள்கிறோம், மீதி இருக்கிறதே" என்ற வாதம் எங்கே சறுக்குகிறது என்பதை ஏழாம் வகுப்புக் கணக்கே காட்டிவிடுகிறது.

நிஜம் இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். எந்த மாதிரிக்கும் சில அனுமானங்கள் உண்டு. நீர் முழுவதும் ஒரே சீராகக் கலந்திருக்கிறது, ஆவியாவதும் மண்ணில் கசிவதும் இல்லை, சிதைப்போருக்கு எப்போதும் ஆக்சிஜன் கிடைக்கிறது என்று நாம் அனுமானித்தோம். பாதி மூடிய குளத்தில் சுமை வீதம் ஹெக்டேருக்கு 100 கிலோ ஆகிவிடும். ஆக்சிஜன் தீர்ந்துபோனால் மீன் செத்து மிதக்கும்; செத்த மீனே புதிய அழுக்காகி மேலும் ஆக்சிஜனைத் தின்னும். விளைவே காரணத்தை வளர்க்கும் இந்தச் சுழலுக்குப் பின்னூட்டம் என்று பெயர். எந்த அளவைத் தாண்டினால் நிலைமை திடீரெனக் கவிழுமோ, அது விளிம்பு அளவு. நம் எளிய மாதிரியில் இவை இல்லை. ஆகவே மாதிரியின் விடையைப் படிக்கும்போது அதன் அனுமானங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அதனால்தான் சரிபார்ப்பு என்ற கடைசிப் படி. எந்த அளவீடுகளைக் கொண்டு மாதிரியைத் திருத்தினோமோ அவற்றைக் கொண்டே அதைச் சோதிக்கலாகாது. கோடையில் திருத்தியதை மழைக்காலத்து அளவீட்டோடு ஒப்பிட வேண்டும். வினாத்தாளை முன்கூட்டியே பார்த்து எழுதிய தேர்வில் நூறு வாங்குவதில் என்ன பெருமை?

இது நமக்கு எதற்கு?

1960களில் உப்பு ஏரியின் ஒரு பகுதியை ஹூக்ளியின் வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து நிரப்பித்தான் சால்ட் லேக் நகரை எழுப்பினார்கள். நம்மவர் பலர் அங்கே குடியிருக்கிறார்கள். நகரம் வளரத்தான் வேண்டும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் வளர்ச்சி மேலும் கிழக்கே நகர்ந்தபோது குடிமக்கள் அமைப்பு ஒன்று நீதிமன்றம் சென்றது. 1992-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் இந்தச் சதுப்பு நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. 2006-இல் மாநில அரசு இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. சட்டம் இருந்தும் ஆக்கிரமிப்புப் புகார்கள் ஓயவில்லை.

நாம் பிழைப்புக்காக வந்த ஊர் இது. நம் வீட்டு அழுக்கைச் சுமந்து சோறாகவும் மீனாகவும் திருப்பித் தரும் நிலம் எது, அங்கே மடையைத் திறந்து மூடும் மனிதர் யார் என்று அறிந்திருப்பது வந்த ஊருக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. ஒரு குளம் மூடப்படுவதாகச் செய்தி வந்தால் "அதனால் என்ன?" என்று பிள்ளை கேட்கும். மேலே கண்ட கணக்கைப் பென்சிலால் போட்டுக் காட்டுங்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. அதே 10 ஹெக்டேர் பேரியில் தினமும் 2,500 கன மீட்டர் கழிவுநீர் மட்டும் விட்டால் தங்கு காலம் எத்தனை நாள்? வெளியேறும் நீரின் பி.ஓ.டி. எவ்வளவு?

2. நீர்பிடிப்புப் பரப்பு 81 சதுர கிலோமீட்டர், கெழு 6. டிக்கன்ஸ் சூத்திரப்படி வெள்ளம் எவ்வளவு?

3. ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் மாலையில் உலாவச் செல்லும்போது, அங்கே உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்போர் எவை என்று தமிழில் பட்டியல் எழுதுக. சிதைப்போரைக் கண்ணால் காண முடியாவிட்டாலும் அவர்கள் செய்த வேலையைக் காணலாம்.

விடைகள்: முதற்கணக்கில் தங்கு காலம் 40 நாள், கிராமுக்குச் செலவு இரண்டரையும் இருபதும் சேர்ந்து இருபத்திரண்டரை கிலோ, வரவு 250 கிலோ, ஆகவே பி.ஓ.டி. ஏறத்தாழ 11 மில்லிகிராம். இரண்டாவதில் 81-க்கு இருமுறை வர்க்கமூலம் 3, அதன் கனம் 27; வெள்ளம் வினாடிக்கு 162 கன மீட்டர். மூன்றாவதற்கு விடை ஏரிக்கரையில் இருக்கிறது. பிள்ளையோடு பெரியவர்களும் போய் வாருங்கள்.